எம்ப்ளாய்மென்ட் சட்டம், பென்ஷன் சட்டம்: பாரிஸ்டரா இந்தப் பக்கம் வரலாமா?

உங்க கேள்வி இதுதான். எல்எல்பி முடிச்சாச்சு, அடுத்து பார் கோர்ஸ், இங்கிலாந்துல பாரிஸ்டராகி எம்ப்ளாய்மென்ட் சட்டமும் பென்ஷன் சட்டமும் சேர்த்துப் பண்ணலாமான்னு யோசிக்கிறீங்க. ஆனா கூடப் படிச்சவங்க எல்லாம் எம்ப்ளாய்மென்ட்னா ஹெச்ஆர் சண்டை, பென்ஷன்னா வெறும் கணக்கு, ரெண்டும் காய்ஞ்ச சப்ஜெக்ட், கோர்ட்ல நின்னு பேசணும்னா கிரிமினல் பக்கம் போன்னு சொல்றாங்க. நான் இந்த வேலையில 18 வருஷமா இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே பதில் சொல்றேன், பொறுமையா படிங்க.

தாராளமா வாங்க. ஆனா இது ரெண்டு சப்ஜெக்ட்னு நினைச்சுக்கிட்டு வராதீங்க. ஒருத்தர் உழைக்கிறார், அந்த உழைப்புக்கு ஒரு பங்கு மாசக் கடைசியில கையில வருது, இன்னொரு பங்கு 30 வருஷம் கழிச்சு வருது. முதல்ல வர்றதுக்கு சம்பளம்னு பேர், அப்புறம் வர்றதுக்கு பென்ஷன்னு பேர். ரெண்டும் ஒரே கூலிதான்.

இது என் சொந்தக் கருத்து மட்டும் இல்லை. 1990 மே 17ஆம் தேதி ஐரோப்பிய நீதிமன்றம் இதைத் தீர்ப்பாவே சொல்லுச்சு. டக்ளஸ் பார்பர்னு ஒருத்தர், கார்டியன் ராயல் எக்ஸ்சேஞ்ச்ங்கிற இன்சூரன்ஸ் கம்பெனியில இருந்தவர், 1980 கடைசியில ஆட்குறைப்புல வேலை போச்சு, அப்போ அவருக்கு 52 வயசு. அந்த ஸ்கீம்படி ஆட்குறைப்புல போற பெண்ணுக்கு 50 வயசு ஆகியிருந்தா உடனே பென்ஷன், ஆணுக்கு 55 ஆகியிருக்கணும். அதே 52 வயசுல ஒரு பெண் போயிருந்தா பென்ஷனோட போயிருப்பாங்க, இவர் மொத்தமா கொடுத்த ஒரு தொகையோட வீட்டுக்குப் போனார். இது பாரபட்சம்னு சொல்லி அவர் போனது பெரிய கோர்ட்டுக்கு இல்லை, அப்போ இண்டஸ்ட்ரியல் ட்ரிப்யூனல்னு பேர் இருந்த சாதாரண வேலை ட்ரிப்யூனலுக்கு. அங்க தோத்தார், அப்பீல்லயும் தோத்தார், தீர்ப்பு வர்றதுக்கு முன்னாடியே இறந்தும் போயிட்டார், அவர் மனைவிதான் கேஸை விடாம நடத்தினாங்க. கடைசியில வந்த தீர்ப்பு: தொழில்முறை பென்ஷனும் சம்பளம்தான், ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமா இருந்தாகணும். இங்கிலாந்துல இருந்த அத்தனை கம்பெனி பென்ஷன் ஸ்கீமும் அந்த ஒரு நாள்ல ஆட்டம் கண்டுச்சு. இன்னைக்கும் என் மேஜைக்கு வர்ற பேப்பர்ல பாதியில அந்தத் தேதி இருக்கு.

ஒரு தனி மனுஷன், ஒரு சின்ன ட்ரிப்யூனல், ஒரு ஃபாரம். இதை மனசுல வச்சுக்கிட்டு மீதியைப் படிங்க.

எம்ப்ளாய்மென்ட் பக்கம் நாள் எப்படிப் போகும்னு முதல்ல சொல்றேன். கோர்ட்ல நிக்க கிரிமினல்தான் போகணும்ங்கிறது சுத்தமா தப்பு. எம்ப்ளாய்மென்ட் ட்ரிப்யூனல்ல ஜூனியரா இருக்கும்போதே முழு கேஸையும் தனியா நடத்துவீங்க, சாட்சிகளை நீங்களே குறுக்கு விசாரணை பண்ணுவீங்க, கடைசி வாதமும் நீங்களே. விக் கிடையாது, கவுன் கிடையாது. ஜட்ஜை "ஜட்ஜ்"னே கூப்பிடலாம். பாரபட்ச கேஸ்னா பொதுவா ஜட்ஜோட ரெண்டு பக்கமும் வக்கீல் இல்லாத ரெண்டு உறுப்பினர்கள் உக்காருவாங்க, ஒருத்தர் எம்ப்ளாயர் தரப்பு அனுபவத்துல இருந்து வந்தவர், இன்னொருத்தர் தொழிலாளர் தரப்பு அனுபவத்துல இருந்து வந்தவர். அவங்க கேக்குற கேள்வி சில நேரம் ஜட்ஜ் கேக்குறதை விட கூர்மையா இருக்கும், ஏன்னா தொழிற்சாலையில ஷிஃப்ட் மாத்துறதுன்னா என்னன்னு அவங்களுக்கு அனுபவத்துலயே தெரியும்.

எதிர் பக்கத்துல பாதி நேரம் வக்கீலே இருக்க மாட்டாங்க. வேலை போன ஆளே தன் கேஸை தானே நடத்துவார். தோத்த பக்கம் ஜெயிச்ச பக்கத்தோட செலவைக் கொடுக்கணும்ங்கிற வழக்கம் இங்க பொதுவா இல்லை, அவங்கவங்க செலவு அவங்கவங்களுக்கு, அதனால ஜெயிச்சாலும் வக்கீல் ஃபீஸ் கையை விட்டுப் போகும், சின்ன தொகைக்கு வக்கீல் வச்சா கட்டுப்படியாகாது. நீங்க கம்பெனிக்காக நிக்கிற நாள்ல எதிர்ல ஒரு டிரைவரோ கிளீனரோ கை நடுங்க பேப்பர் புரட்டிக்கிட்டு நிப்பாங்க. அப்போ எப்படி நடந்துக்கறீங்கங்கிறதுதான் உங்களை நல்ல பாரிஸ்டரா ஆக்கும்னு நான் நம்புறேன். சட்டத்தைச் சரியா எடுத்துச் சொல்லணும், அவங்களுக்குச் சாதகமான தீர்ப்பு இருந்தாலும் ட்ரிப்யூனல்கிட்ட காட்டணும், அது கடமை. அதட்டறதும் மிரட்டறதும் எனக்குத் தெரிஞ்சு ஒரு கேஸைக் கூட ஜெயிச்சுக் கொடுத்ததில்லை.

சட்டம்னு பாத்தா முதுகெலும்பு 1996 எம்ப்ளாய்மென்ட் ரைட்ஸ் ஆக்ட், 2010 ஈக்குவாலிட்டி ஆக்ட். அநியாய வேலை நீக்கத்துக்கு எதிரான உரிமை 1971 சட்டத்துல பிறந்தது, 1972ல நடைமுறைக்கு வந்துச்சு. 2012லேர்ந்து அதுக்கு 2 வருஷ சர்வீஸ் வேணும்னு இருந்ததை 2025 டிசம்பர்ல வந்த புது சட்டம் 6 மாசமா குறைக்குது, 2027 ஜனவரியிலேர்ந்து. கேஸ் போட காலக்கெடு 3 மாசத்துல ஒரு நாள் குறைவு, அதையும் அதே சட்டம் 6 மாசமா நீட்ட வழி பண்ணியிருக்கு. நீங்க ஜூனியரா வரும்போது இந்த மாற்றமெல்லாம் ஓடிக்கிட்டிருக்கும், பழைய ஆளுங்களும் புது ஆளுங்களும் ஒரே கோட்டுல நின்னு படிக்கிற காலம் அது, புதுசா வர்றவங்களுக்கு இதை விட நல்ல நேரம் கிடையாது.

காலக்கெடு பத்திச் சொன்னேன்ல, ஃபீஸ் கதையையும் தெரிஞ்சுக்கணும். 2013 ஜூலையில அரசாங்கம் ட்ரிப்யூனலுக்கு ஃபீஸ் வச்சுது, சின்ன கேஸுக்கு மொத்தம் 390 பவுண்ட், வேலை நீக்கம் பாரபட்சம் மாதிரி கேஸுக்கு 1,200 பவுண்ட் வரைக்கும். வேலை போய் வாடகை கட்ட வழியில்லாத ஆள் 1,200 பவுண்ட் கட்டி நியாயம் கேக்கணுமாம். வர்ற கேஸ் மூணுல ரெண்டு பங்கு குறைஞ்சு போச்சு. யூனிசன் தொழிற்சங்கம் விடாம போராடி 2017 ஜூலை 26 சுப்ரீம் கோர்ட்ல ஜெயிச்சுது, அந்த ஃபீஸ் உத்தரவே செல்லாது, ஆரம்பத்திலேர்ந்தே செல்லாதுன்னு தீர்ப்பு. லார்ட் ரீட் எழுதின அந்தத் தீர்ப்பைக் கண்டிப்பா படிங்க, நீதிமன்றம்னு ஒண்ணு எதுக்கு இருக்குன்னு அவ்வளவு தெளிவா விளக்கினதை நான் வேற எங்கயும் பாத்ததில்லை. அது வந்த அன்னைக்கு எங்க சேம்பர்ஸ்ல, அதாவது பாரிஸ்டர்கள் சேர்ந்து நடத்துற ஆபீஸ்ல, நிறைய பேர் கண்ணு கலங்கினாங்க, நானும்தான்.

இப்போ பென்ஷன் பக்கம் நான் ஏன் போனேன்னு சொல்றேன், இதைச் சொல்ல எனக்கு இன்னும் கஷ்டமாத்தான் இருக்கு. பியூபிலேஜோட, அதாவது பாரிஸ்டருக்கான பயிற்சி வருஷத்தோட, ரெண்டாவது ஆறு மாசத்துல ஒரு ஆஸ்பத்திரி போர்ட்டருக்காக நின்னேன், நல்ல மனுஷன், 19 வருஷ சர்வீஸ். கேஸ் காலையிலேயே செட்டில் ஆச்சு, அவரும் சந்தோஷமா கை குடுத்துட்டுப் போனார். மூணு வாரம் கழிச்சு ஒரு சீனியர்கிட்ட இதைப் பத்திப் பேசும்போது அவர் கேட்டார், பென்ஷன் நஷ்டத்தை எவ்வளவுன்னு போட்டேன்னு. நான் போடவே இல்லை. சொலிசிட்டர், அதாவது கட்சிக்காரரை நேரடியா கவனிக்கிற வக்கீல், தயார் பண்ணின நஷ்டக் கணக்குல அந்த வரியே இல்லை, நானும் அதைக் கேக்கவே இல்லை. அவர் இருந்தது கடைசிச் சம்பளத்தை வச்சுக் கணக்குப் போடுற ஸ்கீம், 19 வருஷம் இருந்தவருக்கு அதுல போன தொகை, நாங்க வாங்கிக் குடுத்த தொகையை விடப் பெருசு. அன்னைக்கு ராத்திரி தூங்கலை. அதுக்கப்புறம்தான் பென்ஷன் சட்டப் புத்தகத்தை முதல் பக்கத்திலேர்ந்து படிக்க ஆரம்பிச்சேன்.

ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு ஸ்கூல் கிச்சன்ல 22 வருஷம் வேலை பாத்த அம்மா வந்தாங்க. நீக்கப்பட்ட ரெண்டு மாசத்துல வேற வேலை கிடைச்சிருச்சு, கிட்டத்தட்ட அதே வாரச் சம்பளம், அதனால "எனக்கு நஷ்டம் ரெண்டு மாசச் சம்பளம்தான், அவங்க மன்னிப்பு கேட்டாப் போதும்"னாங்க. பழைய சம்பளச் சீட்டை வாங்கிப் பாத்தேன், லோக்கல் கவர்ன்மென்ட் பென்ஷனுக்குப் பிடித்தம் இருந்துச்சு. இதைப் பத்திக் கேட்டா, "அது டாக்ஸ் மாதிரி அவங்க பிடிக்கிற காசு, எனக்கு எப்படித் திரும்பி வரும்?"னு கேட்டாங்க. 22 வருஷமா மாசாமாசம் பாத்த சீட்டு. புது வேலையில இருந்தது சட்டப்படி கட்ட வேண்டிய குறைஞ்சபட்ச பங்களிப்பு மட்டும்தான், பழைய வேலையில இருந்தது வாழ்நாள் முழுக்க வர்ற, விலைவாசியோட ஏறுற பென்ஷன். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்குப் போட்டு எதிர்த்தரப்புக்கு அனுப்பினதும் பேச்சோட தொனியே மாறிடுச்சு.

அரசுத் துறை வேலைக்கு ஒரு அளவு தெரியணும்னா, இங்கிலாந்துல டீச்சர்ஸ் பென்ஷனுக்கு எம்ப்ளாயர் கட்டுறது 2024 ஏப்ரல்லேர்ந்து சம்பளத்துல 28.68 சதவீதம். அதாவது சம்பளத்துல நாலுல ஒரு பங்குக்கும் மேல, கையில வராத கூலியா போய்ச் சேருது. வேலை போனா அதுவும் போகுது. ட்ரிப்யூனல் ஜட்ஜுகளே 2017ல இதுக்குன்னு ஒரு வழிகாட்டி வெளியிட்டாங்க, எளிமையான கேஸ் எது, சிக்கலான கேஸ் எது, எப்போ ஆக்சுவரி (பென்ஷன், இன்சூரன்ஸ் கணக்கு நிபுணர்) வேணும்னு. எம்ப்ளாய்மென்ட் மட்டும் பண்றவங்கள்ல பல பேர் இதைத் தொடத் தயங்குவாங்க. நீங்க தொட்டீங்கன்னா சொலிசிட்டர்கள் உங்க பேரை ஞாபகம் வச்சுப்பாங்க.

ஆனா பென்ஷன் சட்டம்னா அது மட்டும் இல்லை, அது ஒரு தனி உலகம். ட்ரஸ்ட், சொத்து மாதிரி கேஸ் பாக்குற சான்சரி கோர்ட், லண்டன் ஃபெட்டர் லேன்ல ரோல்ஸ் பில்டிங். சாட்சிக் கூண்டுல பெரும்பாலும் யாரும் ஏற மாட்டாங்க. மேஜை நிறைய 1970லேர்ந்து வந்த ட்ரஸ்ட் டீட் (ஸ்கீமோட விதிகள் இருக்கிற பத்திரம்), அதுக்குத் திருத்தம், திருத்தத்துக்குத் திருத்தம், மெம்பர்களுக்கு அனுப்பின புக்லெட், ட்ரஸ்டி மீட்டிங் குறிப்பு, ஆக்சுவரி எழுதின லெட்டர். கேள்வி பாத்தா ரொம்பச் சின்னதா இருக்கும், இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம், இந்தத் திருத்தம் செல்லுமா. பதிலுக்குப் பின்னாடி சில நேரம் கோடிக்கணக்கான பவுண்ட் நிக்கும்.

சேஃப்வேங்கிற சூப்பர் மார்க்கெட் கம்பெனியோட கேஸை எடுத்துக்கோங்க. பார்பர் தீர்ப்பு வந்ததும் ஆண் பெண் ரெண்டு பேருக்கும் ஓய்வு வயசை ஒண்ணாக்கணும், சேஃப்வே ரெண்டு பேருக்கும் 65ன்னு மாத்துறதா 1991ல மெம்பர்களுக்கு அறிவிப்பு அனுப்பினாங்க. ஆனா முறையான டீட்ல கையெழுத்து ஆனது 1996ல. நடுவுல இருந்த அந்த வருஷங்களுக்கு ஓய்வு வயசு 60ஆ 65ஆ? 2019 அக்டோபர்ல ஐரோப்பிய நீதிமன்றம் வரைக்கும் போச்சு, பின்னாடி டீட்ல கையெழுத்து போட்டு முன்னாடி இருந்த உரிமையைப் பின்தேதியிட்டுப் பறிக்க முடியாதுன்னு வந்துச்சு. அப்புறம் இங்க அப்பீல் கோர்ட்ல, 1996 ஜனவரி 1 நடைமுறைக்கு வந்த சட்டம் அந்த இடைவெளியை அன்னைக்கே மூடிடுச்சுன்னு 2020ல முடிவாச்சு. நோட்டீஸ் வேற, டீட் வேற. ஒரு கையெழுத்து அஞ்சு வருஷம் தள்ளிப் போனதுக்கு ஆயிரக்கணக்கான பேரோட பென்ஷன் மாறுது.

பர்னார்டோஸ்ங்கிற தொண்டு நிறுவனத்தோட கேஸும் அப்படித்தான். பென்ஷனை வருஷா வருஷம் ஏத்துறதுக்கு எந்த விலைவாசிக் குறியீடு, ஆர்பிஐங்கிற சில்லறை விலைக் குறியீடா, சிபிஐங்கிற நுகர்வோர் விலைக் குறியீடா? ஆர்பிஐ பொதுவா அதிகமா ஏறும், மெம்பருக்கு நல்லது. ஸ்கீம் விதியில ஆர்பிஐ, "அல்லது ட்ரஸ்டிகள் ஏத்துக்கிற மாற்றுக் குறியீடு"ங்கிற மாதிரி ஒரு வரி. ஆர்பிஐ இன்னும் வெளியாகிட்டிருக்கும்போதே ட்ரஸ்டிகள் வேற ஒண்ணுக்கு மாறலாமா? 2018 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் முடியாதுன்னு சொல்லுச்சு, பழசு நின்னு போனாத்தான் அதுக்குப் பேர் மாற்று. வேற ஸ்கீம்கள்ல அந்த வரி கொஞ்சம் வேற மாதிரி எழுதியிருந்ததால பதிலும் வேறயா வந்துச்சு. உங்க அப்பாவுக்கோ அத்தைக்கோ 80 வயசுல வர்ற தொகையை 40 வருஷம் முன்னாடி யாரோ அவசரத்துல டைப் பண்ணின ஒரு சொல் முடிவு பண்ணுது. இதைக் காய்ஞ்ச சப்ஜெக்ட்னு எப்படிச் சொல்றாங்கன்னு எனக்குப் புரியலை.

வர்ஜின் மீடியா தீர்ப்பையும் பாத்துடுங்க. 1999ல பண்ணின ஒரு திருத்தத்துக்கு ஆக்சுவரி எழுத்துப்பூர்வமா உறுதி கொடுக்கலை, அதனால அந்தத் திருத்தமே செல்லாதுன்னு 2023ல ஹைகோர்ட், 2024 ஜூலையில அப்பீல் கோர்ட். நாடு முழுக்க ஸ்கீம்காரங்க பழைய பெட்டியைத் திறந்து அந்த லெட்டரைத் தேட ஆரம்பிச்சாங்க, 2025ல அரசாங்கமே சட்டம் போட்டுச் சரி பண்றோம்னு அறிவிக்க வேண்டியதா போச்சு.

இந்த வகை கேஸ்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது பிரதிநிதி மெம்பருக்காக நிக்கிறது. பத்தாயிரம் பேர் இருக்கிற ஸ்கீம்ல எல்லாரையும் கோர்ட்டுக்குக் கூப்பிட முடியாது, அதனால ஒரே நலன் உள்ள ஒரு கூட்டத்துக்கு ஒருத்தரை பிரதிநிதியா கோர்ட் நியமிக்கும், அவருக்கு நீங்க வாதாடுவீங்க, தீர்ப்பு அத்தனை பேரையும் கட்டும். செலவு பெரும்பாலும் ஃபண்ட்லேர்ந்தோ கம்பெனிகிட்டேர்ந்தோ வரும். அந்த ஒருத்தரை மட்டும்தான் நீங்க பாப்பீங்க, மீதிப் பேருக்கு உங்க பேர் கூடத் தெரியாது. தயார் பண்ணும்போது அந்தக் கூட்டம் முழுக்க முதுகுக்குப் பின்னாடி நிக்கிற மாதிரி இருக்கும், ஒரு டீட் கூட விட்டுப் போகக்கூடாதுன்னு ராத்திரி மறுபடி எழுந்து பாப்பேன்.

பென்ஷன் சட்டம் இவ்வளவு கறாரா ஏன் இருக்குன்னா அதுக்கு வரலாறு இருக்கு. 1991 நவம்பர்ல மிரர் பத்திரிகைக் குழும முதலாளி ராபர்ட் மேக்ஸ்வெல் கடல்ல இறந்த பிறகுதான் மிரர் குழும பென்ஷன் ஃபண்ட்லேர்ந்து 40 கோடி பவுண்டுக்கும் மேல காணாம போனது வெளிய வந்துச்சு. அதுலேர்ந்து 1995 பென்ஷன்ஸ் ஆக்ட், அப்புறம் 2004 சட்டம், 2005லேர்ந்து கம்பெனி திவாலானா கை கொடுக்க பென்ஷன் பாதுகாப்பு நிதி, கண்காணிக்க பென்ஷன் ரெகுலேட்டர். ஒவ்வொரு பிரிவுக்குப் பின்னாடியும் ஏமாந்த கிழவனும் கிழவியும் இருக்காங்க, படிக்கும்போது அதை மறக்காதீங்க.

ரெண்டு உலகமும் சந்திக்கிற இடம்தான் இந்தத் தொழிலோட மிக அழகான பகுதி. பார்ட் டைம் வேலைன்னு சொல்லி பென்ஷன் ஸ்கீம்ல சேர்க்காம விட்டவங்க கேஸ் ஞாபகத்துக்கு வருது, பெரும்பாலும் பெண்கள், சுமார் 60,000 பேர் ட்ரிப்யூனல்ல மனு போட்டாங்க. ரெண்டு வருஷத்துக்கு மேல பின்னோக்கிப் போக முடியாதுன்னு இருந்த இங்கிலாந்து விதி செல்லாதுன்னு ஐரோப்பிய நீதிமன்றம் 2000ல சொல்லுச்சு, 1976 ஏப்ரல் 8 வரைக்கும் பின்னோக்கிக் கேக்கலாம்னு ஆச்சு. ஜான் வாக்கர் கேஸ், அவர் இறந்தா அவரோட கணவருக்கு வருஷத்துக்குச் சுமார் 1,000 பவுண்ட், அதே அவர் ஒரு பெண்ணைக் கல்யாணம் பண்ணியிருந்தா அந்த மனைவிக்குச் சுமார் 45,000 பவுண்ட். மான்செஸ்டர் ட்ரிப்யூனல்ல ஜெயிச்சு, நடுவுல ரெண்டு இடத்துல தோத்து, 2017 ஜூலையில சுப்ரீம் கோர்ட்ல முழுசா ஜெயிச்சார். அப்புறம் டெர்மட் ஓ'பிரையன், அவரே ஒரு பாரிஸ்டர், பகுதி நேர ஜட்ஜா பல வருஷம் இருந்தவர், முழு நேர ஜட்ஜுக்குப் பென்ஷன் உண்டு எனக்கு ஏன் இல்லைன்னு 2005ல கேஸ் போட்டார், 2013ல சுப்ரீம் கோர்ட்ல ஜெயிச்ச பிறகும் பழைய வருஷங்களுக்காக 2018 வரைக்கும் போராடினார். அதே 2018 டிசம்பர்ல ஜட்ஜுகளும் தீயணைப்பு வீரர்களும் சேர்ந்து, வயசானவங்களை மட்டும் பழைய நல்ல ஸ்கீம்ல விட்டுட்டு இளையவங்களைப் புதுசுக்குத் தள்ளினது வயசு பாரபட்சம்னு ஜெயிச்சாங்க, அதைச் சரி பண்ண 2022ல தனிச் சட்டமே வந்துச்சு, அதோட வேலை இன்னும் முடியலை.

இந்தக் கேஸ்ல எல்லாம் பாரபட்ச சட்டம் மட்டும் தெரிஞ்சவர் ஸ்கீம் விதியைப் படிக்கும்போது திணறுவார், ட்ரஸ்ட் சட்டம் மட்டும் தெரிஞ்சவர் சமத்துவச் சட்டத்துல திணறுவார். ரெண்டும் சரளமா வர்றவங்க லண்டன் முழுக்கத் தேடினாலும் ரொம்பக் குறைவு. அதனாலதான் தாராளமா வாங்கன்னு சொன்னேன்.

பாதை பத்தி வேகமா சொல்லிடறேன், இதெல்லாம் நீங்களே தேடிப் பாத்துக்கலாம். லிங்கன்ஸ் இன், கிரேஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், 'இன்'னு சொல்ற இந்த நாலு பாரிஸ்டர் சங்கத்துல ஒண்ணுல சேரணும், பார் கோர்ஸ் முடிக்கணும், 'கால்' ஆகணும், அதாவது முறைப்படி பாரிஸ்டர் பட்டம் வாங்கணும், அப்புறம் 12 மாசம் பியூபிலேஜ், முதல் ஆறு மாசம் சீனியர் கூடவே நிழல் மாதிரி, ரெண்டாவது ஆறு மாசம் சொந்தமா கேஸ். ஸ்காலர்ஷிப் கண்டிப்பா அப்ளை பண்ணுங்க, அந்த நாலு சங்கமும் சேர்ந்து வருஷா வருஷம் பல மில்லியன் பவுண்ட் கொடுக்குது, நமக்கெங்க கிடைக்கும்னு ஒதுங்கிடாதீங்க. உண்மையான நெருக்கடி பியூபிலேஜ் கிடைக்கிறதுலதான், படிச்சு முடிக்கிறவங்க நிறைய, இடம் கம்மி. முதல் வருஷம் கிடைக்காம ரெண்டாவது மூணாவது வருஷம் கிடைச்சவங்க ரொம்பப் பேர், நானும் ரெண்டாவது தடவைதான்.

எஃப்ஆர்யூங்கிற ஃப்ரீ ரெப்ரசன்டேஷன் யூனிட்ல சேருங்க, இதை மட்டும் தள்ளிப் போடாதீங்க. 1972லேர்ந்து நடக்குது. வக்கீல் வைக்க வசதியில்லாதவங்களுக்காக ஸ்டூடன்ட்ஸே ட்ரிப்யூனல்ல ஆஜராகலாம், ஏன்னா எம்ப்ளாய்மென்ட் ட்ரிப்யூனல்ல யார் வேணா யாருக்காகவும் வாதாட முடியும். ட்ரெய்னிங் கொடுப்பாங்க, மேற்பார்வைக்கு ஆள் இருப்பாங்க, ஆனா அந்தக் கேஸ் உங்களுது. பியூபிலேஜ் இன்டர்வியூல மூட் கோர்ட் (மாணவர்களுக்கான மாதிரி வழக்குப் போட்டி) கோப்பையை விட, நிஜமான ஒரு ஆளுக்காக நீங்க நின்ன ஒரு நாளைப் பத்திப் பேசினா பேனல் நிமிர்ந்து உக்காரும். அதை நான் பேனல்ல உக்காந்தும் பாத்திருக்கேன்.

பணம். பாரிஸ்டர்கள்ல அஞ்சுல நாலு பேர் சுயதொழில். பியூபிலேஜுக்குக் குறைஞ்சபட்சத் தொகை உண்டு, 2024ல லண்டன்ல வருஷத்துக்கு 23,078 பவுண்ட். பென்ஷன், சான்சரி சேம்பர்ஸ்ல இதை விடப் பல மடங்கு கொடுக்கிறாங்க, எம்ப்ளாய்மென்ட்ல தொழிலாளர் பக்கம் மட்டும் நிக்கிற சேம்பர்ஸ்ல அவ்வளவு இருக்காது. கேஸ் முடிஞ்சு மாசக்கணக்கா ஃபீஸ் வராம இருக்கும், சேம்பர்ஸ் வாடகை, கிளார்க் பங்கு, வாட் வரி, ஜனவரி 31, ஜூலை 31 டாக்ஸ், எல்லாத்துக்கும் முதல் பவுண்ட்லேர்ந்தே தனியா எடுத்து வைக்கணும். உங்களுக்கு நோய் விடுப்புச் சம்பளம் கிடையாது, எம்ப்ளாயர் கட்டுற பென்ஷன் கிடையாது, 2012லேர்ந்து வந்த ஆட்டோ என்ரோல்மென்ட், அதாவது எம்ப்ளாயரே ஆளைப் பென்ஷன்ல தானா சேர்க்கிற முறை, சுயதொழில் பண்றவங்களுக்குப் பொருந்தாது. அதனால உங்க பென்ஷனை நீங்களே முதல் வருஷமே ஆரம்பிச்சுடுங்க, சின்னத் தொகையா இருந்தாலும் பரவாயில்லை.

கேப் ரேங்க் விதி பத்திக் கேட்டீங்க, கம்பெனிக்காகவும் நிக்கணுமா, மனசு ஒத்துக்குமான்னு. உங்க துறையில, உங்களுக்கு நேரம் இருந்து, நியாயமான ஃபீஸோட வர்ற கேஸை ஆளைப் பிடிக்கலைன்னு மறுக்கக் கூடாது. எனக்கு ஆரம்பத்துல இது உறுத்துச்சு. இப்போ உறுத்தலை. கம்பெனிக்காக நின்னதாலதான் ஒரு மேனேஜர் எப்படி யோசிச்சு முடிவெடுக்கிறார், ஒழுங்கு நடவடிக்கை மீட்டிங் குறிப்பு எப்படி எழுதப்படுது, எது அப்புறம் சேர்க்கப்படுதுன்னு எனக்குத் தெரியும், அடுத்த வாரம் தொழிலாளிக்காக நிக்கும்போது அதே அறிவு அவருக்குப் போகுது. நேர்மையா நடந்துக்கிட்ட எம்ப்ளாயர்களும் உண்டு, அவங்க மேல பொய்ப் புகார் வந்தா அவங்களுக்கும் நல்ல வக்கீல் வேணும்.

நம்ம ஆளுங்களுக்காக ஒண்ணு சொல்லணும். 2014ல எம்ப்ளாய்மென்ட் அப்பீல் ட்ரிப்யூனல் ஒரு கேஸ்ல, ஈக்குவாலிட்டி ஆக்ட்ல இருக்கிற இனப் பூர்விகம்ங்கிற சொல், பிறப்பு வழியா வர்ற சாதியோட சில அம்சங்களையும் உள்ளடக்கும் அளவுக்கு விரிஞ்சதுதான்னு சொல்லுச்சு. இந்தியாவிலேர்ந்து வீட்டு வேலைக்குக் கூட்டிட்டு வந்த ஒரு பெண்ணோட கேஸ் அது. சாதின்னா என்ன, பேரை வச்சே எப்படிக் கண்டுபிடிப்பாங்க, எப்படி வாயே திறக்காம அவமானப்படுத்துவாங்கன்னு ஒரு ட்ரிப்யூனலுக்கு விளக்க, அதை வீட்டுலயும் தெருவுலயும் பாத்து வளர்ந்தவங்க வக்கீலா இருக்கிறது எவ்வளவு முக்கியம்னு யோசிச்சுப் பாருங்க. உங்க தமிழும் இங்க ஒரு பலம், அதை மறைக்காதீங்க.

யாருக்கு இது ஒத்து வராதுன்னா, படிக்கிறதுல பொறுமை இல்லாதவங்களுக்கு. பென்ஷன்ல 300 பக்க டீட், எம்ப்ளாய்மென்ட்ல 1,200 பக்க ஆவணக் கட்டு, ரெண்டுலயும் தேதிதான் உயிர். என்கிட்ட ஒரு பழக்கம் இருக்கு, எந்தக் கேஸ் வந்தாலும் முதல்ல ஒரு வெள்ளைத் தாள்ல தேதியை மட்டும் எழுதுவேன், வேலையில சேர்ந்த நாள், ஸ்கீம்ல சேர்ந்த நாள், டீட் தேதி, புகார் கொடுத்த நாள், நீக்கின நாள், ஏகாஸ்ங்கிற சமரச அமைப்புல பதிஞ்ச நாள். பாதிக் கேஸ்ல பதில் அந்தத் தாளிலேயே தெரிஞ்சிடும்.

நேர்ல பாத்து முடிவு பண்ணணும்னா ஒரு நாள் ஒதுக்குங்க. லண்டன் சென்ட்ரல் ட்ரிப்யூனல் கிங்ஸ்வேயில விக்டரி ஹவுஸ்ல இருக்கு, பொதுமக்கள் யார் வேணா பின்னாடி உக்காந்து கேக்கலாம், காலை 10 மணிக்குப் போய் அன்னைக்கு நடக்கிற வேலை நீக்க கேஸ் எந்த ரூம்னு கேட்டு உக்காருங்க. மதியம் அங்கேர்ந்து நடந்தா கால் மணி நேரத்துல ஃபெட்டர் லேன் வந்துடும், ரோல்ஸ் பில்டிங்ல ஏதாவது பென்ஷன் கேஸ் ஓடுதான்னு அன்னைக்கு இருக்கிற லிஸ்ட்ல பாருங்க. எம்ப்ளாய்மென்ட் அப்பீல் ட்ரிப்யூனலும் இப்போ அதே கட்டடத்துலதான் அஞ்சாவது மாடியில இருக்கு, பென்ஷன் கேஸ் இல்லைன்னா லிஃப்ட்ல ஏறி அங்க போய் உக்காந்துக்கோங்க.